நாய்க்குப் பச்சை இரைப்பை: பார்த்து வாங்கி, வெட்டி, அளவாகக் கொடுப்பது எப்படி

மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் இரைப்பையை வெளுக்காமல், கொதிநீரில் முக்காமல், சாறு ஒட்டியபடியே நாய்க்கு வைப்பதுதான் பச்சை இரைப்பை. புல் மேய்ந்த மாட்டில் பச்சையாகவும், அடர்தீவனம் தின்றதில் பழுப்பாகவும் இருக்கும். மனிதர் சமையலுக்கு வெளுத்து வரும் வெள்ளை இரைப்பையில் நாயை இழுக்கும் அந்த மணம் பெரும்பாலும் போய்விடுகிறது.

சரியாகச் சாப்பிடாத நாயும் வயதான நாயும் இதை விரும்பித் தின்னும். இதிலுள்ள நொதிகள் நாயின் செரிமானத்தையே சீராக்கும் என்ற பேச்சை நம்பி வாங்க வேண்டாம். நாய்க்கு வேண்டிய நொதிகளை அதன் கணையமே சுரக்கிறது. கால்சியமும் பாஸ்பரஸும் ஏறக்குறைய சம அளவில் இருப்பது உண்மைதான். ஆனால் விகிதம் சரியாக இருந்தாலும் மொத்தக் கால்சியம் குறைவு, வைட்டமின் ஏ, டி, ஈ போதாது. எனவே இது இறைச்சிப் பங்கில் ஒரு பகுதி மட்டுமே. வளரும் குட்டிக்கு இதையே முழு உணவாக வைத்தால் எலும்பு கெடும்.

வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, மாட்டுக்கு அண்மையில் பூச்சி மருந்து கொடுத்தார்களா என்பதுதான். இரைப்பைக்குள் இருக்கும் தீவனத்தோடு ஐவர்மெக்டின் போன்ற மருந்தும் வரலாம். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் வகை நாய்களில் பலவற்றுக்கு அந்த மருந்தைத் தாங்காத மரபணு உண்டு. நடுக்கம், தள்ளாட்டம், மயக்கம் வரை போகும். நோயில் செத்த மாடும், ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்த மாடும் அறவே வேண்டாம்; அந்த ஊசி மருந்து உடலிலேயே தங்கி, தின்ற நாயையும் கொன்றுவிடும். பரிசோதித்து வெட்டிய மாட்டின் இரைப்பையை வெட்டிய அன்றே வாங்குங்கள். சாணமும் புளித்த தீவனமும் கலந்த நெடி இயல்பானது. அழுகிய பிண வாடை, வழவழப்பு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், வெட்டவெளியில், கையுறை போட்டுக்கொண்டு இரைப்பையை விரித்துப் போடுங்கள். உள்ளிருப்பதைக் கொட்டி உதறி, குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசினால் போதும். தேய்க்க வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். அடுத்து, கத்தியைத் தொடுமுன் விரலால் தடவிப் பாருங்கள். முதல் அறை பெரியது, உள்ளே பொடிப்பொடியாகக் காம்புகள் நிற்கும். அதையடுத்த சிறிய அறையில் தேனடை மாதிரி அறுகோணக் கட்டங்கள் இருக்கும். மாடு தீவனத்தோடு விழுங்கிய ஆணி, கம்பித் துண்டு எல்லாம் கனத்தால் இந்தக் கட்டங்களில்தான் வந்து தங்கும், சில சமயம் சுவரைக் குத்திக்கொண்டும் நிற்கும். ஒவ்வொரு கட்டமாக அழுத்திப் பார்க்கவும். சந்தேகம் இருந்தால் அந்த அறையையே தள்ளிவிடுங்கள். பிளாஸ்டிக் பையும் கயிறும் பெரிய அறையில் சுருண்டு கிடக்கும்.

சுவரில் இளஞ்சிவப்பாக, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான புழுக்கள் கூட்டமாக ஒட்டியிருந்தால் அவை இரைப்பைத் தட்டைப்புழுக்கள். நாயைத் தொற்றாது, சுரண்டி எறிந்தால் போதும். ஆட்டு இரைப்பையில் கவனம் வேறிடத்தில் வேண்டும். மேலே போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வில் தண்ணீர் நிரம்பிய கொப்புளம் தொங்கினால், அதற்குள் நாடாப்புழுவின் இளநிலை இருக்கிறது. நாய் தின்றால் அதன் குடலில் முழுப்புழுவாகும். சவ்வோடு அறுத்து, எந்த நாயும் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

இரைப்பை ரப்பர் மாதிரி வழுக்கும் என்பதால், 2 மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து அரைகுறையாக உறைந்ததும் வெட்டினால் கத்தி இறங்கும். சிறிய நாய்க்கு 1 முதல் 2 செ.மீ. துண்டு. மெல்லாமல் விழுங்கும் நாய்க்கு நீளப் பட்டையாக ஒருபோதும் கொடுக்காதீர்கள்: பாதி தொண்டைக்குள்ளும் பாதி வாயிலுமாகத் தொங்கி மூச்சடைக்கும். ஒரு வேளை அளவாகப் பொட்டலம் கட்டி, இரட்டைப் பையில் மூடி, மைனஸ் 18 டிகிரியில் குறைந்தது 10 நாள் வையுங்கள். புழுக் கொப்புளம் கண்ணில் படாமல் தப்பியிருந்தாலும் அதற்குள் செத்துவிடும். சால்மொனெல்லா, ஈகோலை போன்ற கிருமிகள் சாகாது, உறைந்து உறங்கும், அவ்வளவுதான். கைக்குழந்தை, கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருக்கும் வீட்டில் உப்பில்லாமல் 20 நிமிடம் கொதிக்கவைத்தே கொடுங்கள். நாய்க்குப் பெரிய நட்டமில்லை.

அளவுக்கு 20 கிலோ நாயை வைத்துப் பார்ப்போம். பச்சை இறைச்சி உணவில் இருக்கும் நாய் என்றால், உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம், அதாவது நாளுக்கு 400 முதல் 600 கிராம் மொத்த உணவு. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 80 முதல் 120 கிராம், இரைப்பை. ஈரலும் எலும்பும் தம் பங்குக்குத் தனியே வேண்டும். கடைத் தீவனம் தின்னும் நாய்க்கு 60 கிராம் போதும், அதற்கு ஈடாகத் தீவனத்தைக் குறைக்கவும். முதல் நாள் 20 கிராம் மட்டும். இரண்டு நாள் மலத்தைக் கவனித்து, கட்டியாக இருந்தால் இன்னொரு 20 கூட்டலாம். இளகினால் நிறுத்தி, சரியானபின் பாதி அளவில் தொடங்குங்கள். பெரும்பாலும் அவசரப்பட்டு அளவைக் கூட்டியதுதான் காரணம், அல்லது வெளிப்புறக் கொழுப்பை நறுக்காமல் விட்டது. கணைய அழற்சி வந்த நாய்க்கு அந்தக் கொழுப்பு ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மாட்டிறைச்சி ஒவ்வாத நாய்க்கு மாட்டின் இரைப்பையும் ஒவ்வாது. ஒரு நாளுக்கு மேல் வாந்தி, மலத்தில் ரத்தம், காய்ச்சல் என்றால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

உறைந்ததை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடிய பாத்திரத்தில் ஓரிரவு இளகவிட்டு, 2 நாளுக்குள் தீர்த்துவிடவும். திரும்ப உறையவைக்கக் கூடாது. வட்டிலில் மிச்சம் வைத்தால் அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். பலகை, கத்தி, வட்டில் எல்லாவற்றையும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, ஒரு லிட்டர் நீருக்கு 4 மி.லி. ப்ளீச் கலந்து துடைத்து அலசவும். நாற்றத்துக்காக அந்த ப்ளீச்சில் வினிகர் ஊற்றாதீர்கள், நச்சுவாயு கிளம்பும். தின்று முடித்த நாய் முகத்தை நக்க வந்தால், முதலில் அதன் வாயை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.