நட்டை இறுக்கும் முன்: சேஃப்டி கிளட்சில் செய்யக்கூடாத தவறுகள்

தகடு உருட்டும் மெஷினில், சுமை மீறினால் தானாகவே இணைப்பை விடுவிக்கும் சேஃப்டி கிளட்ச் அடிக்கடி விலகினால், பலரும் முதலில் தேடுவது ஸ்பானரை. கிளட்ச் எந்தச் சுமையில் விலக வேண்டும் என்பதை செட் செய்யும் நட்டை அரைச்சுற்று இறுக்கியதும் தொல்லை நின்றுவிடும். ஆனால் இதுவரை கிளட்ச் தடுத்து வந்த சுமை இனி நேராகக் கியர் பல்லில்தான் இறங்கும். மெஷினுக்கு மீறிய தடிமனில் தகடு வருகிறதா, ரோலர் பேரிங் இறுகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் விலகினால் விஷயம் வேறு. நேரடியாக ஸ்டார்ட் ஆகும் இண்டக்‌ஷன் மோட்டார் அந்த நொடியில் வழக்கமான டார்க்கைப் (சுழற்றும் விசை) போல இரண்டு மடங்குக்கு மேலும் தரும். அதற்கு, மோட்டாரைப் படிப்படியாக வேகமெடுக்க வைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைப்பதே சரி.

கிளட்சை எங்கே மாட்டுகிறோம் என்பதிலும் கோட்டை விடுகிறோம். டார்க் கணக்கு எளிது: கிலோவாட்டை 9550ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுக்க வேண்டும். 1500 ஆர்பிஎம்மில் ஓடும் 15 கிலோவாட் மோட்டாருக்கு சுமார் 95 நியூட்டன் மீட்டர் வரும். வேகத்தை 20 மடங்கு குறைக்கும் கியர்பாக்ஸைத் தாண்டினால், உராய்வு இழப்பைக் கழிக்காமல், அது 1,900ஐத் தொடும். மோட்டார் பக்கம் சின்ன கிளட்ச் போதுமே என்ற ஆசை இங்கேதான் வருகிறது. ஃப்ளைவீல் (சுழற்சி ஆற்றலைச் சேர்த்து வைக்கும் கனமான சக்கரம்) உள்ள மெஷினில் அந்த ஆசை ஆபத்து. மோட்டார் துண்டிக்கப்பட்டாலும் ஃப்ளைவீலில் சேர்ந்த ஆற்றல் சிக்கிய இடத்தைத்தான் தாக்கும். கிளட்ச் ஃப்ளைவீலுக்கு அப்புறம், சிக்கல் வரும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே இருக்க வேண்டும்.

"ஓவர்லோடு ரிலே இருக்கிறதே" என்பார்கள். அது மோட்டார் சுருள் கருகாமல் காப்பது. ரிலே மின்சாரத்தைத் துண்டிக்கச் சில நொடிகளாகும், ஷாஃப்ட் முறிய அவ்வளவு நேரம் தேவையில்லை.

சுமை மீறினால் முதலில் உடையட்டும் என்றே வைக்கும் ஷியர் பின் உடைந்தால், கையில் கிடைத்த ஹை டென்சைல் (அதிக வலுவுள்ள) போல்ட்டை மாட்டுவதும் உண்டு. அடுத்த முறை உடைவது போல்ட்டாக இருக்காது.

குழிகளில் உட்காரும் குண்டுகளால் பிடிக்கும் பால் வகை கிளட்சுக்கு, விலகியதும் மோட்டாரை நிறுத்த சென்சாரோ லிமிட் சுவிட்சோ வைக்காமல் விடாதீர்கள். விலகிய பிறகும் மோட்டார் ஓடினால், குண்டுகள் குழிகளில் தட்டித் தட்டியே கிளட்ச் வீணாகும். உராய்வு வகையில் லைனிங் (உராய்வுப் பட்டை) மேல் எண்ணெய் பட்டால் பிடிமானமே போய்விடும். சுமையைத் தூக்கி நிறுத்தும் அச்சில் முழுதாக விலகும் கிளட்சைத் தனியாக நம்பாதீர்கள், சுமைப் பக்கம் பிரேக் வேண்டும். இல்லாவிட்டால் கிளட்ச் விலகியதும் சுமை கீழே விழும்.

செட் செய்த டார்க்கை மெஷின் மேலேயே எழுதி வையுங்கள். நட்டின் குறுக்கே ஒரு பெயிண்ட் கோடும் போடுங்கள். யாராவது திருப்பியிருந்தால் மறுநாள் காலையில் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.