வாடகைக்கு இருக்கவங்க கூட வந்த மனஸ்தாபம் எப்படி சரியாச்சு - என் அனுபவம்

ஓசூர் சிப்காட் பக்கம் நம்ம வீட்டு மாடியில மூணு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கோம், எல்லாரும் கம்பெனி ஷிப்ட்டுக்கு போறவங்க. நைட் ஷிப்ட் முடிச்சு தூங்குற நேரத்துல போன் அடிச்சா எடுக்க மாட்டாங்க, இதுலயே ரெண்டு பக்கமும் முகம் குடுத்து பேசாம போயிடுச்சு.

முதல்ல யாருக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட்னு கேட்டு வச்சிக்கிட்டேன். அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குரூப், அதுல தண்ணி, மோட்டார், கரண்ட் விஷயம் மட்டும்தான். வாடகை பாக்கி, அட்வான்ஸ் எல்லாம் தனியாதான் பேசணும், நாலு பேர் முன்னாடி கேட்டா யாருக்கா இருந்தாலும் சுருக்குன்னு இருக்கும்ங்க.

குழாய் ஒழுகுதுன்னா வீடியோ எடுத்து போடச் சொல்லிட்டேன், அத அப்படியே பிளம்பருக்கு அனுப்புனா வாஷர் போதுமா இல்ல டேப்பே மாத்தணுமான்னு பார்த்தவுடனே சொல்லிடுவாரு. அன்னைக்கே ஆள் கிடைக்கலன்னாலும் "நாளைக்கு சாயங்காலம் வருவாரு"ன்னு ஒரு பதில் போட்டுடணும், பதிலே இல்லாம விட்டாதான் சின்ன விஷயமும் பெருசாகுது.

அதே மாதிரி நம்ம வீடுதானேன்னு திடீர்னு போய் கதவ தட்டக்கூடாது. தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டத்துலயே ரிப்பேர் பாக்க உள்ள போறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லணும்னு இருக்கு. ஈபி ரீடிங்கும் ரெண்டு மாசத்துக்கு ஒருதடவ அவங்க முன்னாடியே சப் மீட்டர போட்டோ எடுத்து தனித்தனியா அனுப்பிடுறேன், யூனிட் கணக்குல வர்ற சண்டையும் இப்ப இல்ல.