படைப்புழுவுக்கு நூற்புழு: முதல் தெளிப்பு வீணானது ஏன்?

மக்காச்சோளக் குருத்துக்குள் இறங்கிய படைப்புழு, தன் எச்சத்தாலேயே வாயிலை அடைத்துக்கொள்ளும். மேலாக அடிக்கும் மருந்து அதைத் தொடாது. அந்த ஈர இடுக்குதான், பூச்சியின் உடலுக்குள் புகுந்து அதைக் கொல்லும் நுண்ணிய நூற்புழுவுக்கு வாகான இடம். நான் எடுத்தது ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா என்ற நூற்புழு இனம். கோவைப் பக்கம் கிடைத்து 1992-ல் பெயரிடப்பட்டது, நம் வெயில் மண்ணுக்குப் பழகியது.

முதல் தெளிப்பில் ஒன்றும் சாகவில்லை. தப்பு இரண்டு. காலை பத்து மணிக்கு அடித்தேன். வெயில் பட்டு ஈரம் காய்ந்தால் நூற்புழு தாங்காது. இன்னொன்று, நாசிலுக்குள் இருந்த சல்லடையைக் கழற்றவில்லை. அரை மில்லிமீட்டர் நீளமுள்ள உயிர் அதில் சிக்கி அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது டேங்கில் கரைப்பதற்கு முன், பாக்கெட்டில் உள்ளதைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கி, ஒரு சொட்டைக் கறுப்புத் தட்டில் விட்டு லென்ஸில் பார்க்கிறேன். நெளிந்தால் உயிருண்டு; ஊசிபோல் விறைத்து அசையாமல் கிடப்பவை பெரும்பாலும் செத்தவை. பாதிக்கு மேல் அப்படியென்றால் அந்தப் பாக்கெட் வேண்டாம்.

ஏக்கருக்கு 100 கோடி நூற்புழு, 200 லிட்டர் தண்ணீர். பூச்சிமருந்து வாடையில்லாமல் கழுவிய டேங்க். மாலை ஐந்துக்கு மேல், நாசிலைக் குருத்துக்கு நேரே பிடித்து, ஈரம் உள்ளே வடியும்வரை அடிக்க வேண்டும். நூற்புழு அடியில் தங்கிவிடும் என்பதால் டேங்கை அடிக்கடி குலுக்குவது முக்கியம்.

மூன்றாம் நாள் குருத்தைப் பிரித்தால் செங்கல் நிறத்தில், நாற்றமில்லாமல் தொய்ந்த படைப்புழு கிடைக்கும்; அதுதான் நூற்புழுவால் செத்தது. கறுத்து நாறுவது வேறு காரணத்தால் செத்தது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.