குற்றத்தடுப்புத் திட்டம் பலித்ததா? கணக்குப் பார்க்கையில் சறுக்கும் இடங்கள்

1955-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சாலை விபத்துகளில் 324 பேர் இறந்தார்கள். ஆளுநர் ஆபிரகாம் ரிபிகாஃப், அதிவேகமாக வண்டி ஓட்டுபவர்களின் உரிமத்தை முடக்கும் கடும் நடவடிக்கையில் இறங்கினார். அடுத்த ஆண்டு சாவு 284 ஆனது. வெற்றி என்று அறிவித்தார்கள். பிறகு 1968-ல் டொனால்ட் கேம்பெல், லாரன்ஸ் ராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் முந்தைய பல ஆண்டுகளின் எண்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். 1955 வழக்கத்தைவிட எகிறிய ஆண்டு என்று தெரிந்தது. அப்படி எகிறிய எண், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் ஓரளவு இறங்கத்தான் வாய்ப்பு அதிகம்.

நான் முதலில் சொல்லும் தவறு இதுதான். குற்றம் உச்சத்தில் இருக்கும்போதுதான் அரசு பணம் ஒதுக்கும். அப்புறம் எது இறங்கினாலும் பெருமை திட்டத்துக்குப் போய்விடும். முன்பு, பின்பு என்று இரண்டே எண்களை வைத்து முடிவு கட்டாதீர்கள். திட்டம் நுழையாத, அதே மாதிரியான இன்னொரு பகுதியில் அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

புகார் எண்ணிக்கையைக் குற்ற எண்ணிக்கையாக நினைப்பதும் ஆபத்து. காவல் நிலையத்தின் மேல் நம்பிக்கை கூடினால், அதுவரை வாயைத் திறக்காதவர்களும் புகார் கொடுக்க வருவார்கள். நல்ல திட்டம் தோற்றதுபோல் தெரியும். புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பினால் மோசமான திட்டமும் ஜெயித்துவிடும். அதனால் பாதிக்கப்பட்டவர்களிடம் வீடு வீடாகக் கேட்கும் கணக்கெடுப்பும் வேண்டும்.

எத்தனை கேமரா, எத்தனை ரோந்து வண்டி என்ற பட்டியல் செலவுக் கணக்குதான், பலன் அல்ல. 1972–73-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரில் காவல்துறையின் 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்தை நிறுத்தினார்கள், ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு கூட்டினார்கள், ஐந்தை அப்படியே விட்டார்கள். குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

என்னை மிகவும் உலுக்கியது வேறொன்று. 1939-ல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ், சாமர்வில் நகரங்களில், சிறுவர்கள் குற்றத்தில் இறங்காமல் தடுக்கும் ஒரு திட்டத்துக்காக 506 சிறுவர்களை எடுத்தார்கள். வயது, குடும்பம், குணம் பார்த்து ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் நாணயத்தைச் சுண்டி ஒருவனைத் திட்டத்தில் சேர்த்தார்கள். அந்த 253 பேருக்கும் வீடு தேடி வரும் ஆலோசகர், பாடத்தில் உதவி, மருத்துவம், கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. 1945 வரை இது நடந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்குப் பேர் திட்டம் தங்களுக்கு உதவியது என்றார்கள். நன்றியோடு சொன்னார்கள், பொய் சொல்லவில்லை. ஆனால் நீதிமன்ற, மருத்துவ, இறப்புப் பதிவுகளைப் புரட்டினால், உதவி பெற்றவர்கள்தான் சற்று மோசமாக இருந்தார்கள்: மறுபடி குற்றம் செய்தவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், இளவயதில் இறந்தவர்கள் அவர்களில்தான் அதிகம்.

பயனாளிகளின் பேட்டியை மட்டும் அறிக்கையில் போட்டு முடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உதவி கிடைக்காத அந்த 253 பேரின் கணக்கு இல்லையென்றால், இந்தத் திட்டத்தை இன்றைக்கும் முன்மாதிரி என்று காட்டிக்கொண்டிருப்போம்.

அப்படியொரு ஒப்பீட்டுக் குழுவைத் திட்டம் முடிந்த பிறகு தேடினால் சரியாக அமைவது கடினம். பணம் கைக்கு வரும் முன்பே எதை அளப்போம், எத்தனை ஆண்டு தொடர்வோம் என்று எழுதி வைத்துவிட வேண்டும். எல்லாப் பகுதிக்கும் நிதி போதாதபோது, யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்யுங்கள். காத்திருக்கும் பகுதிகளே ஒப்பீட்டுக்குக் கிடைத்துவிடும்.