உள்ளூர்த் தொழில்களில் ஃப்ரீலான்ஸ் புரோகிராமிங் வேலை பிடிப்பது எப்படி?

முதலில் ஒரே ஒரு தொழிலைத் தேர்ந்தெடுங்கள். திருப்பூர் என்றால் பின்னலாடை, நாமக்கல் என்றால் லாரி அல்லது கோழிப்பண்ணை, கோவை என்றால் பம்புசெட். இந்த நிறுவனங்களில் பெரும்பாலும் கணக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கும், உற்பத்தி விவரம் எக்செலில், ஆர்டர் வாட்ஸ்அப்பில். ஒரே எண்ணை மூன்று பேர் மூன்று இடத்தில் தட்டுகிறார்கள். உங்களுக்கான வேலை அங்கேதான் இருக்கிறது.

டேலியின் இப்போதைய பதிப்பான டேலிபிரைமை சர்வராக இயங்கும்படி அமைத்தால், வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் எக்ஸ்எம்எல் கோரிக்கைகளை ஏற்கும். விற்பனைப் பதிவை உள்ளே அனுப்பலாம், பாக்கிப் பட்டியலை வெளியே எடுக்கலாம். உரிமம் வாங்காமலே எஜுகேஷனல் மோடில் பழகலாம். மாதத்தின் 1, 2 போன்ற சில தேதிகளுக்கு மட்டுமே பதிவு போட முடியும், மாதிரி காட்ட அது போதும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்து எண் வாங்கும் பில்) கட்டாயம். தனியாக பில்லிங் மென்பொருள் வைத்திருப்பவர்கள் பலர் இதில் திணறுகிறார்கள்.

வாடிக்கையாளரைத் தேடிக் கடைகடையாக ஏறுவதைவிட ஆடிட்டர்களைப் பாருங்கள். எந்த நிறுவனத்தின் கணக்கு மாதாமாதம் தாமதமாக வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளை ஒட்டிப் போகாதீர்கள். மாதக் கடைசி வாரம் நல்லது. கையில் ஒரு பக்க விவரமும் இரண்டு நிமிட மாதிரியும் போதும்.

நிறுவனத்துக்குப் போனதும் முதலாளியிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். கணக்கரின் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து, அவர் எதை எங்கிருந்து பார்த்துத் தட்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பல மென்பொருள்கள் கைவிடப்படுவதற்குக் காரணம், அதைப் பயன்படுத்த வேண்டியவரை யாரும் கேட்காததுதான்.

கொட்டேஷனை முதல் தடவையே பெரிதாகப் போட வேண்டாம். இரண்டு வாரத்தில் முடியும் ஒரு துண்டை மட்டும் எடுங்கள். உதாரணமாக, பாக்கிப் பட்டியல் தினமும் காலையில் முதலாளியின் கைபேசிக்குப் போவது. விலையை நாள் கணக்கில் போடுங்கள். ஆண்டுக்கு 9 லட்சம் தேவை, பில் போடக்கூடிய நாள் 150 என்றால் ஒரு நாளுக்கு 6,000 ரூபாய். ஆள் தேடுவது, பேசுவது, பணம் கேட்டு அலைவது எல்லாம் மீதி நாட்களைத் தின்றுவிடும். வருடத்துக்கு 300 நாள் என்று வகுப்பவர்கள்தான் பாதியில் மூச்சுத் திணறுகிறார்கள்.

கொட்டேஷனில் எவையெல்லாம் வேலையில் சேராது என்பதையும் எழுதுங்கள். "சின்ன மாற்றம்தானே" என்ற பேச்சு வரும்போது அந்த வரிதான் காப்பாற்றும். பழைய தரவைத் தர வாடிக்கையாளருக்கு ஒரு கெடு வையுங்கள். அது தாமதமானால் முடிக்கும் தேதியும் தள்ளிப்போகும் என்று சேருங்கள். அட்வான்ஸ் 40 சதவீதம், மாதிரி ஓடியதும் 40, ஒப்படைக்கும்போது 20. டொமைன், சர்வர் இரண்டும் வாடிக்கையாளர் பெயரிலேயே இருக்கட்டும்.

வேலை தொடங்கும் முன்பே, சிறு தொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதார், பான் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்தில் அதிக நாள் கெடு குறித்திருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் கூட்டு வட்டி கேட்கலாம், எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் தளத்தில் புகாரும் தரலாம். புகார் வரை போக வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்தாலே கணக்கர் அதைக் கவனிப்பார், ஏனென்றால் சிறு நிறுவனங்களுக்கான பாக்கியைக் கெடுவுக்குள் தராவிட்டால், பணம் தந்த ஆண்டில்தான் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும்.

இணையத்தில் ஃப்ரீலான்ஸ் வேலை தரும் அப்வொர்க் போன்ற தளங்களிலும் முயலலாம். ஆனால் விண்ணப்பிக்கவே கனெக்ட்ஸ் என்ற டோக்கன்கள் செலவாகும். மதிப்புரை இல்லாத புதியவருக்கு விலையைக் குறைப்பதைத் தவிர வழி குறைவு. உள்ளூரில் இரண்டு வேலை முடித்து, அதைக் காட்டி நுழைவது நல்லது.

ஒப்படைத்த 30 நாள் வரை பிழை திருத்தம் இலவசம் என்று வையுங்கள். அதன் பிறகு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். வேலைத் தொகையில் 15 முதல் 20 சதவீதம் கேட்கலாம். ஏப்ரலில் புதிய நிதியாண்டு தொடங்கும்போது பில் எண் வரிசை மாறும், அடிக்கடி பிழை வருவது அப்போதுதான். அந்த வாரத்தை ஒப்பந்தத்திலேயே குறித்து, நேரில் போய் நில்லுங்கள்.