பாலாறு பாடத்துக்கு ரூப்ரிக் எழுதுவது எப்படி?

பிள்ளைகள் தாங்களே தேடி, பேசி, தப்பாக யோசித்து, பிறகு அதைத் திருத்திக்கொண்டு கற்கிற வகுப்பில், கடைசியில் ஒரு மார்க் கேள்விகளை வைத்து முடித்துவிட்டால் அவர்கள் செய்த வேலையில் பெரும்பகுதி நம் கண்ணில் படாமலே போய்விடும். அதற்குத்தான் ரூப்ரிக், அதாவது வேலையில் எதைப் பார்க்கிறோம், அது எந்த நிலையில் எப்படி இருக்கும் என்று எழுதிவைக்கும் மதிப்பீட்டு அட்டவணை. ஆனால் இணையத்தில் இறக்கிய அட்டவணை உதவாது, உங்கள் வகுப்பின் கேள்வியிலிருந்துதான் எழுத வேண்டும்.

வேலூர்ப் பக்கம் எட்டாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். கேள்வி இது: 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடிய பாலாறு மற்ற நாட்களில் ஏன் மணலாகக் கிடக்கிறது? நந்தி மலைப் பகுதியில் பிறந்து ஆந்திரா வழியாக வருகிற ஆறு என்பதால் மழை, தடுப்பணை, மணல் அள்ளுவது, போர்வெல் என்று பல பதில்கள் வரும்.

எதைப் பார்க்கப்போகிறோம்? மூன்று போதும்: காரணங்களை இணைப்பது, சான்று, கருத்தைத் திருத்திக்கொள்வது. சார்ட்டின் அழகைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள், ஸ்கெட்ச் பேனா வாங்க முடியாத பிள்ளைக்கு அது அநியாயம்.

ஒவ்வொன்றுக்கும் நிலைகள் நான்கு வையுங்கள். மூன்று வைத்தால் கை தானாக நடுவில் போய் நிற்கும். 'நன்று', 'மிக நன்று' என்பது பிள்ளைக்கு எதையும் சொல்லாது, தாளில் தெரிவதை எழுதுங்கள். சான்றுக்கு இப்படி: முதல் நிலையில் வெறும் கருத்து. இரண்டில், ஒருவர் சொன்னது அப்படியே இருக்கிறது. மூன்றில், தாத்தா சொன்னதும் ஊர்க் கிணற்றின் ஆழமும் சேர்ந்து வருகின்றன. நான்கில், அவை ஒத்துப்போகாத இடத்தைக் காட்டி, எதை ஏன் நம்புகிறாள் என்றும் சொல்கிறாள்.

அப்புறம், இதை நீங்கள் தனியாக எழுதி ஒட்டாதீர்கள். வேலை தொடங்கும் முன்பே பெயர் இல்லாத இரண்டு மாதிரி விடைகளைக் காட்டி, எது நம்பும்படி இருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். "சும்மா சொல்லக் கூடாது, யார் பார்த்தாங்கன்னு சொல்லணும்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த வார்த்தையே ரூப்ரிக்கில் ஏறட்டும்.

திருத்திக்கொள்வதை மதிப்பிட முதல் நாள் ஊகம் கையில் இருக்க வேண்டும். நோட்டில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள், அழிக்கக் கூடாது. பாதி வழியில் ஒவ்வொருவரும் தன் நிலையைப் பென்சிலால் குறிக்கட்டும், உங்கள் குறியோடு எங்கே வேறுபடுகிறதோ அங்கே உட்கார்ந்து பேசுங்கள்.

வளரறி மதிப்பீட்டுப் (பாடம் நடக்கும்போதே செய்கிற மதிப்பீடு) பதிவேட்டுக்கு எண் வேண்டும், சரி. அதைக் கடைசியாகப் போடுங்கள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது நிலையும் அடுத்து என்ன செய்யலாம் என்ற ஒரு வரியும் மட்டும் இருக்கட்டும், மார்க்கைப் பார்த்த பிள்ளை அந்த வரியைப் படிக்காது.