துக்க வீட்டில் உயிர்த்தெழுதலைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் இறந்துபோனால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டியை வைத்து மூன்று நாளோ ஐந்து நாளோ மாலையில் ஜெபக்கூட்டம் நடக்கும். எல்லா நாளும் சபைப் போதகரான ஐயர் வர இயலாது. ஒரு மூப்பரோ, செல் குரூப் தலைவரோ, குடும்பத்தில் வேதம் தெரிந்த ஒருவரோ எழுந்து செய்தி கொடுப்பார். எதிரே நாற்காலிகளில் சபையார் மட்டும் இல்லை. இறந்தவரின் இந்து உறவினர்கள், சீன அண்டை வீட்டார், வேலையிடத்து நண்பர்கள், பல வருடமாக ஆலயத்துப் பக்கம் வராத பேரப்பிள்ளைகள் எல்லாரும் இருப்பார்கள். மரணத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் என்ன நம்புகிறார்கள் என்பது இவர்கள் காதில் விழுவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். அதனால் அங்கே சொல்லும் வார்த்தை சரியாக இருக்க வேண்டும். அடிக்கடி காதில் விழும் பிழைகளையும், அவற்றுக்குப் பதிலாக என்ன சொல்லலாம் என்பதையும் கீழே தருகிறோம்.

பாதியில் நிறுத்திவிடுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. “அம்மா பரலோகம் போய்விட்டார்கள், நாமும் ஒரு நாள் அங்கே போவோம்” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிதான்.

புதிய ஏற்பாடு இரண்டு கட்டங்களைப் பற்றிப் பேசுகிறது. விசுவாசி இறந்தவுடன் கிறிஸ்துவோடு இருக்கிறார் என்பது முதல் கட்டம். பிலிப்பியர் 1:23, 2 கொரிந்தியர் 5:8, சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இயேசு சொன்ன லூக்கா 23:43 ஆகியவை இதைச் சொல்கின்றன. கிறிஸ்து திரும்ப வரும்போது மரித்தவர்கள் சரீரத்தோடு எழுந்திருப்பது இரண்டாவது கட்டம். அதோடு நியாயத்தீர்ப்பும், புதிய வானமும் புதிய பூமியும் வருகின்றன. முதல் கட்டம் காத்திருப்பு, இரண்டாவதே முடிவு. பரலோகத்தில் இருப்பவர்களும் காத்திருக்கிறார்கள் என்பதை வெளிப்படுத்தல் 6:9-11 வெளிப்படையாகவே காட்டுகிறது: இரத்தசாட்சிகளின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து, இன்னும் எத்தனை காலம் என்று கேட்கின்றன.

இரண்டாவதை விட்டுவிட்டால் மிஞ்சுவது ‘உடல் அழியும், ஆத்மா அழியாது’ என்ற பொதுவான நம்பிக்கை மட்டுமே. அதை நம்புவதற்குக் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை, பழைய கிரேக்கரில் பலரும் நம்பினார்கள். அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசியபோது அவர்களில் சிலர் இகழ்ந்தது எதைக் கேட்டு? மரித்தோரின் உயிர்த்தெழுதலைக் கேட்டுத்தான் (அப்போஸ்தலர் 17:32). ஞாயிறுதோறும் நாம் சொல்லும் விசுவாசப் பிரமாணமும் ஆத்துமா அழியாது என்று சொல்லி நிறுத்தவில்லை. சரீரம் உயிர்த்தெழும் என்று அறிக்கையிடுகிறது.

இந்தப் பிழை பெரும்பாலும் பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போதே நுழைந்துவிடுகிறது. துக்க வீடு என்றால் கை தானாக 23-ஆம் சங்கீதத்துக்கும் யோவான் 14-க்கும் போகும். இரண்டும் அருமையான பகுதிகள். ஆனால் யோவான் 14-இல் ‘அநேக வாசஸ்தலங்கள்’ என்ற இரண்டாம் வசனத்தோடு நிறுத்தாதீர்கள். மறுபடியும் வருவேன் என்று இயேசு சொல்வது மூன்றாம் வசனத்தில்தான். அதோடு 1 கொரிந்தியர் 15:20-26, 15:42-44 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். மொத்தம் பத்து வசனங்கள், நிதானமாக வாசித்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மீதி எட்டு நிமிடத்தில் இரண்டை இறந்தவரைப் பற்றிப் பேசவும், இரண்டை அவர் இப்போது கிறிஸ்துவோடு இருப்பதைச் சொல்லவும் வைத்துக்கொண்டு, நான்கை உயிர்த்தெழுதலுக்குக் கொடுங்கள். கூட்டம் தொடர்ந்து மூன்று நாள் நடந்தால், ஒருவராவது முழுச் செய்தியையும் உயிர்த்தெழுதல் பற்றியே கொடுக்கும்படி முதல் நாளே பேசி வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் மூன்று பேரும் ஒரே வசனத்தைத்தான் எடுப்பார்கள்.

லாசருவை உதாரணமாகக் காட்டுவது

“லாசருவை எழுப்பினவர் நம் அப்பாவையும் எழுப்புவார்” என்பதில் விசுவாசம் இருக்கிறது, ஆனால் ஒப்பிட்டது பொருந்தவில்லை. லாசரு திரும்பி வந்தது பழைய வாழ்வுக்கு, பிறகு அவனும் இறந்தான். யவீருவின் மகளும் நாயீன் ஊர் விதவையின் மகனும் அப்படியே.

யோவான் இந்த வித்தியாசத்தைத் துணியில் காட்டியிருக்கிறார். 11:44-இல் லாசரு கைகால்கள் பிரேதச்சீலைகளால் கட்டப்பட்டபடியே, முகத்தில் சுற்றிய துணியோடு வெளியே வருகிறான். கட்டை மற்றவர்கள்தான் அவிழ்த்துவிட வேண்டும். 20:6-7-இல் இயேசுவின் கல்லறைக்குள் சீலைகள் கிடக்கின்றன. தலையில் சுற்றிய துணி மட்டும் அவற்றோடு சேராமல், தனியே ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. யாரும் அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. விசுவாசிகளின் எழுப்புதலுக்கு முதற்பலன் என்று பவுல் சொல்வது கிறிஸ்துவை (1 கொரிந்தியர் 15:20). யோவான் 11-ஐ எடுப்பதானால் 25-ஆம் வசனத்தில் நில்லுங்கள்: “நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்.” அந்த அதிகாரத்தின் சாரம் அங்கேதான் இருக்கிறது.

ஆவியாக எழுவார் என்பதும், மறுபிறவி என்று புரியவிடுவதும்

1 கொரிந்தியர் 15:44 சொல்லும் ஆவிக்குரிய சரீரத்தைச் சிலர் புகைபோன்ற ஓர் உருவம் என்று விளக்குகிறார்கள். எழுந்த இயேசுவோ அப்படித் தம்மை நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே, தொட்டுப் பாருங்கள் என்று சீஷர்களுக்குச் சொல்லி, பொரித்த மீன் துண்டை அவர்கள் கண்முன் சாப்பிட்டார் (லூக்கா 24:39-43). காயங்களும் மறையவில்லை. அதே சமயம் பூட்டிய அறைக்குள் வந்து நின்றார், எம்மாவு வழியில் கூடவே நடந்தவர்கள் அவரை அடையாளம் காணவில்லை. அதே சரீரம், ஆனால் மாற்றம் பெற்றது. இவ்வளவுதான் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. எந்த வயதில் எழுந்திருப்போம், எந்த மொழி பேசுவோம் என்று பிள்ளைகள் கேட்டால், வேதம் அதைச் சொல்லவில்லை என்று பதில் சொல்வதில் குறைவு ஒன்றும் இல்லை.

இந்து உறவினர்கள் இருக்கும் கூட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘மறுபடியும் உயிரோடு வருவார்’ என்று மட்டும் சொன்னால் அது மறுபிறவியாகவே காதில் விழும். அதே செய்தியில் யோவான் 3-இன் ‘மறுபடியும் பிறத்தல்’ வந்துவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகும். அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இறப்பது ஒரே தரம் (எபிரெயர் 9:27), எழுந்திருப்பவர் அதே மனிதர், அவர் மறுபடி இறப்பதில்லை: இந்த மூன்றையும் யாரையும் குறை சொல்லாமல் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

தகனம் செய்தால் எப்படி எழுவார்?

சிங்கப்பூரில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. புதிதாக அடக்கம் செய்ய இங்கே சுவா சூ காங் கல்லறை மட்டும்தான் இருக்கிறது. 1998 முதல் அங்கே ஒரு குழிக்கு 15 ஆண்டுதான். அதன்பின் தோண்டியெடுத்து, மத வழக்கப்படி தகனம் செய்வார்கள் அல்லது மறு அடக்கம் செய்வார்கள். தகனத்துக்குக் கிறிஸ்தவத்தில் தடை இல்லை என்பதால், அடக்கம் செய்தாலும் கடைசியில் பெரும்பாலும் அஸ்தி மாடம்தான். பழைய பிடாடரி கல்லறையில் படுத்திருந்த தாத்தா பாட்டிகளும் அப்படித்தான் இடம் மாறினார்கள். அங்கே இப்போது வீவக வீடுகள் நிற்கின்றன.

எனவே மண்டாய் தகனச்சாலைக்கு எடுத்துப் போகும் குடும்பத்திடம், புதைத்தால்தான் நல்லது என்று யாரும் சொல்ல வேண்டாம். அது தேவையில்லாத குற்ற உணர்வைச் சுமத்தும், உண்மையும் அன்று. கி.பி. 177-இல் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், இவர்கள் உயிர்த்தெழ வழியே இருக்கக் கூடாது என்று உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். தப்பியவர்களின் சபை அதனால் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. பவுல் சொல்லும் உவமை விதை (1 கொரிந்தியர் 15:37). விதைத்ததையே முளைத்தபின் தோண்டி எடுப்பதில்லை, தேவன் கொடுக்கும் மேனியோடு அது வருகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: வெறும் கூடுதானே, என்ன செய்தால் என்ன என்பது. எழுப்பப்படப் போகும் சரீரத்தைக் கூடு என்று தள்ளுவது விசுவாசப் பிரமாணத்தோடு ஒட்டவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் தகனத்தை அனுமதித்தது. 2016-இல் வெளியிட்ட அறிவுரையில் அஸ்தியைத் தூவக் கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்றது. சுவா சூ காங்கில் 2021 முதல் அஸ்தி தூவும் தோட்டம் இருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பம் அதைத் தேர்ந்தெடுக்கும் முன் பங்குத்தந்தையிடம் கேட்பது அவசியம்.

அழாதீர்கள் என்பது

1 தெசலோனிக்கேயர் 4:13-ஐ எடுத்துக் கண்ணீரை அடக்கச் சொல்வது கொடுமை. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதினார். துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. சில நிமிடத்தில் எழுப்பப்போகும் நண்பனின் கல்லறைக்கு முன் இயேசு கண்ணீர்விட்டார். மரணத்தைப் பவுல் ‘கடைசிச் சத்துரு’ என்கிறார். சத்துரு வந்து போன வீட்டில் அழுவது விசுவாசக் குறைவு ஆகாது.

பிள்ளையை இழந்த தாயிடம், தேவன் தோட்டத்துக்கு ஒரு பூ வேண்டியிருந்தது, உங்கள் மகள் தேவதூதி ஆகிவிட்டாள் என்று சொல்வதும் வேண்டாம். மத்தேயு 22:30 தேவதூதரைப்போல் இருப்பார்கள் என்பது திருமணம் செய்வதில்லை என்ற ஒன்றைக் குறித்தே. மனிதர் தூதராக மாறுவதாக வேதம் எங்கும் சொல்லவில்லை. அந்தத் தாய்க்கு வேண்டியது தன் மகள்தான், அவளே எழுந்திருப்பாள் என்பதுதான் வாக்குத்தத்தம்.

தேவனுடைய ராஜ்யத்தை மேலே கொண்டுபோய் வைப்பது

மத்தேயு பரலோகராஜ்யம் என்று எழுதும் இடத்தில் மாற்கும் லூக்காவும் தேவனுடைய ராஜ்யம் என்று எழுதுகிறார்கள். மத்தேயு 4:17-ஐயும் மாற்கு 1:15-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே செய்திதான் என்று தெரியும். அது செத்தபின் போகும் ஓர் ஊரைக் குறிப்பதில்லை. தேவன் அரசாளுவதைக் குறிக்கிறது. இயேசுவின் ஊழியத்தில் அது தொடங்கிவிட்டது (லூக்கா 11:20), இன்னும் நிறைவாகவில்லை. அதனால்தான் “உம்முடைய ராஜ்யம் வருவதாக” என்று தினமும் கேட்கிறோம். பரமண்டலத்தில் நடக்கிற சித்தம் பூமியிலும் நடக்க வேண்டும் என்பது அதே ஜெபத்தின் அடுத்த வரி. வெளிப்படுத்தல் 21:2-இலும் புதிய எருசலேம் கீழே இறங்கி வருகிறது, மனிதர்கள் மேலே ஏறுவதாக அங்கே இல்லை.

அந்த நகரத்தின் அளவைக் கிலோமீட்டரில் கணக்குப் போட்டு எத்தனை பேர் கொள்ளும் என்று போதிப்பதும் பயனற்றது. 12,000 ஸ்தாதி (பழங்கால நீள அளவு) நீளம், அதே அகலம், அதே உயரம் என்றால் கனசதுரம். சாலொமோன் கட்டிய ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலமும் 20 முழக் கனசதுரம் (1 இராஜாக்கள் 6:20). நகரம் முழுவதும் தேவன் தங்கும் இடமாகிவிட்டது என்பதுதான் அந்த அளவின் செய்தி.

தேதி குறிப்பதும் ஒரே அட்டவணையைத் திணிப்பதும்

வாட்ஸ்அப்பில் கிறிஸ்துவின் வருகையின் தேதி வந்தால் மாற்கு 13:32-ஐ வாசித்துவிட்டு அதை அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-க்காகக் காத்திருந்தார்கள். ஹரோல்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். இரண்டாவதை நம்பிச் சேமிப்பைச் செலவழித்தவர்களும் உண்டு.

இரகசிய வருகை (கிறிஸ்து விசுவாசிகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வது), ஏழு வருட உபத்திரவம், பகிரங்க வருகை, ஆயிர வருட அரசாட்சி என்ற வரிசை நம் சபைகள் சிலவற்றில் சுவிசேஷம் அளவுக்கே உறுதியாகப் போதிக்கப்படுகிறது. இந்த வடிவத்தில் அது பரவியது 1830-களுக்குப் பிறகு, ஜான் நெல்சன் டார்பியின் போதனையிலிருந்து. வெளிப்படுத்தல் 20-இன் ஆயிரம் வருடத்தை பழங்காலச் சபையின் போதகர் அகஸ்டின் தற்போதைய சபையின் காலமாகவே வாசித்தார். 1 தெசலோனிக்கேயர் 4:17-ஐயும் பலர் மாப்பிள்ளை அழைப்பைப்போல வாசிக்கிறார்கள்: ஊர் எல்லையில் மாப்பிள்ளையை எதிர்கொள்ளப் போகிறவர்கள் அவரோடு வேறெங்கும் போய்விடுவதில்லை, வீட்டுக்குத்தான் அழைத்து வருகிறார்கள். உங்கள் சபை எதைப் போதித்தாலும், துக்க வீட்டில் எல்லாச் சபைகளும் ஒப்புக்கொள்வதை மட்டும் பேசுங்கள்: கிறிஸ்து வருவார், மரித்தோர் எழுந்திருப்பார்கள், அவர் நியாயந்தீர்ப்பார், அவர் ராஜ்யத்துக்கு முடிவில்லை.

வேறு சபை வீட்டுக்குப் போகும்போது

ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்தைச் சேர்ந்த குடும்பத்தில் மருமகள் ஷார்ட் ஸ்திரீட் மெதடிஸ்ட் சபையாக இருப்பது இங்கே சாதாரணம். கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலத்தை (இறந்தவர்கள் பரலோகம் சேரும் முன் சுத்திகரிக்கப்படும் நிலையை) நம்புவதால் இறந்தவருக்காக ஜெபிப்பார்கள், திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள், நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் சுவா சூ காங் போவார்கள். ஆங்கிலிக்கரின் 39 பிரமாணங்களில் 22-ஆவதும் மெதடிஸ்டுகளின் 25 பிரமாணங்களில் 14-ஆவதும் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுக்கின்றன. செய்தி கொடுக்க எழுந்து நின்று அதைத் தாக்குவதோ, மறுக்கிற வீட்டில் அந்த ஜெபத்தைத் திணிப்பதோ கூடாது. கூட்டத்துக்கு முன்பே வீட்டில் பெரியவர் ஒருவரிடம், எந்த ஜெபம், எந்தப் பாடல், யார் முடிப்பது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக வாசிக்க 1 கொரிந்தியர் 15 இரு வீட்டாருக்கும் பொருந்தும்.